கை நனைக்காமல் போன சம்பந்தி

நம் வீட்டுக்கு வந்த ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போனால் அதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். வயிறு சரியில்லாமல் இருக்கலாம், விரதமாக இருக்கலாம், வரும் வழியிலேயே வடையும் டீயும் ஆகியிருக்கலாம். அத்தனையையும் தள்ளிவிட்டு, நம்மை அவமதிக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்ற ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கும் திறமை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அந்தச் சிலரில் நான் ஒருத்தி. எங்கள் மலைக்கிராமமான வட்டவடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் (கொஞ்சம் தள்ளி நின்று சொல்வார்கள்).

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் போவேன். அவசரப்படுகிறவர்கள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே நான் மொட்டைத் தலையோடு இருப்பேன். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் திரும்பி இங்கேதான் வர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சம்பந்தத்தில் மனம் இல்லையென்றால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது, சோறு உண்ண மாட்டார்கள். உண்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்தபடி. இந்த முறை நடப்பதை நான் இரண்டு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் பார்க்கப்பட்ட பெண் நான்தான். முதலில் வந்த கூட்டம் பரிமாறிய இலையைத் தொடாமல் எழுந்து போனது. அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. அடுத்து வந்த கூட்டத்தில் மாப்பிள்ளை மறுசோறு கேட்டு வாங்கி உண்டார். அவரோடுதான் இன்றுவரை குடித்தனம் (மறுசோறும் இன்றுவரை நிற்கவில்லை). ஆக, சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாவிட்டால் இல்லை. இரண்டு இலைகளைப் பார்த்து நானே போட்டுக்கொண்ட சட்டம் இது. அதை வைத்துக்கொண்டு நாற்பது வருஷம் ஓட்டிவிட்டேன். யாரும் வந்து கேட்கவில்லை.

எங்களுக்கு ஒரே பெண், சங்கீதா. இனிப் பிள்ளையே இல்லை என்று ஊர் முடிவு கட்டிய பிறகு பிறந்தவள். மூணாறுப் பக்கத்தில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். சனி, ஞாயிறில் வீட்டுக்கு வந்தால், நான் பூண்டு உரிக்கிற இடத்தில் உட்கார்ந்து அடுத்த வாரத்துப் பாடத்தைச் சுவரைப் பார்த்து நடத்திக்கொண்டிருப்பாள். அந்த மாதம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு என்னமோ தர்க்கம் என்று ஒரு பாடம். கணக்குப் பாடம் என்றார்கள், ஆனால் ஒரு எண்ணைக்கூட நான் அதில் கேட்கவில்லை.

"மழை பெய்தால் முற்றம் நனையும்," என்றாள் சுவரிடம். "இது உண்மைன்னு வெச்சுக்குவோம். இப்ப முற்றம் நனைஞ்சிருக்கு. அதனால மழை பெய்ததுன்னு சொன்னா அது தப்பு."

நான் குறுக்கே விழுந்தேன். மழை இல்லாமல் வேறு எது நனைத்ததாம்?

"பக்கத்து வீட்டு ராஜாத்தியக்கா பாத்திரம் கழுவி இங்குட்டு ஊத்தியிருக்கலாம்லம்மா."

"அவ ஊத்தியிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா?"

சங்கீதா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். இதைச் சொல்லிக் கொடுக்கவா சம்பளம் தருகிறார்கள் என்று நினைத்தபடி நான் அடுத்த பூண்டை எடுத்தேன்.

அவளுக்கு டீச்சர் படிப்பு படித்த காலத்தில் ஒரு பையனோடு பழக்கம். சதீஷ் என்று பெயர். கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தென்னந்தோப்புக்காரக் குடும்பம். அவனும் வாத்தியார்தான். நம் சனம்தான், நல்ல பையன்தான், ஆனாலும் பெரியவர்கள் முறையாக வந்து பார்த்து, பேசி, சரி என்றால்தான் கல்யாணம் என்று இரண்டு பேரும் இரண்டு வருஷமாகப் பொறுமையாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் சங்கீதா என்னிடம் வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அம்மா, எனக்கு இது நடக்கணும். நீ வாயைத் திறக்காம இருந்தாலே போதும்." பெற்ற தாயிடம் இப்படியா பேசுவது என்று எனக்குக் கோபம். மற்றபடி, அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது மறுநாளே தெரிந்தது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வட்டவடைக்கு வருவது என்றால் சும்மா இல்லை. இருட்டோடு கிளம்பி, உடுமலைப்பேட்டை, சின்னாறு காடு, மறையூர், மூணாறு என்று வளைந்து வளைந்து ஏறி, மூணாற்றில் காரை நிறுத்திவிட்டு முருகையாவின் ஜீப்பில் மாறி, மறுபடியும் வளைந்து வளைந்து வர வேண்டும். முருகையா எங்கள் ஊர் ஜீப்காரன். வளைவில் பிரேக் பிடிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவன்.

ஜீப்பிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவன் அப்பா பொன்னுசாமி, அம்மா தங்கமணி, தாய்மாமன் ஒருவர். எல்லோர் முகமும் முட்டைக்கோஸின் உள்இலை நிறத்தில் இருந்தது. தரையிறங்கிய கப்பல்காரர்கள் மாதிரி காலை அகட்டி வைத்து நடந்தார்கள். சமவெளிக்காரர்கள் குளிர் தாங்க மாட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். கையோடு தங்கள் தோப்புத் தேங்காய் ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் குளிரில் தென்னை வராது. எங்களுக்குத் தேங்காய் என்றால் தங்கம் மாதிரி. அதைப் பார்த்ததும் இவர்கள் பெரிய மனிதர்கள்தான் என்று எனக்கும் பட்டது.

பெண்ணைப் பார்த்தார்கள், பேசினார்கள். தங்கமணி சங்கீதாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு நான் இலை போட்டேன்.

அந்தச் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டுக்கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், கேரட் அல்வா, இதற்கெல்லாம் மேலே பூண்டுக் குழம்பு. வட்டவடைப் பூண்டு எப்படிப்பட்டது என்றால், உரித்தது ஒரு வீட்டில் என்றால் தும்முவது அடுத்த வீட்டில். அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தேன். சட்டியைத் திறந்ததும் ஆவி எழும்பி நேராகப் பொன்னுசாமி முகத்துக்குப் போனது. அவர் விருட்டென்று எழுந்து முட்டைக்கோஸ் பாத்திப் பக்கம் போனார். திரும்பி வந்து, சுடுதண்ணீர் மட்டும் கொடுத்தால் போதும் என்றார். தங்கமணி தனக்கு இன்றைக்கு வேண்டாம் என்றார். தாய்மாமன் கோழியைப் பார்த்தார், அக்காளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு எழுந்துகொண்டார். பெரியவர்கள் யாரும் உட்காராதபோது மாப்பிள்ளை மட்டும் எப்படி உட்காருவான்? வீட்டில் எண்ணி நாலு இலை, நாலும் பச்சையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. காட்டுச் செக்போஸ்ட்டை நேரத்துக்குள் தாண்ட வேண்டும் என்று அவசர அவசரமாகக் கும்பிட்டுக் கிளம்பினார்கள்.

எனக்கு அந்தப் பழைய இலை ஞாபகம் வந்தது. அந்த முதல் கூட்டம் தொடாமல் விட்டுப் போன இலை. அன்றைக்கு நான் சின்னப் பெண், கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இப்போது நான் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி. அவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பெரிய யோசனை எல்லாம் இல்லை. என் யோசனைகள் எப்போதும் காலில்தான் தொடங்கும்.

எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அந்தத் தேங்காய் மூட்டையைத் தூக்கி ஜீப்பில் போடச் சொன்னேன். அவர் எதற்கு என்று கேட்டார். போடுங்கள் என்றால் போடுங்கள் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பதிலுக்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை. நானும் பின்னாலேயே போய், முருகையாவிடம், ஆனால் ஜீப்புக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "எங்களுக்கும் மனசில்லைன்னு சொல்லிருப்பா," என்றேன்.

அதோடு விட்டிருந்தால் கௌரவமாக முடிந்திருக்கும். அவர்கள் வந்ததும் குழம்புக்கு அரைக்க ஒரு தேங்காய் எடுத்தவள் மூட்டையின் வாயைக் கட்டாமல் விட்டிருந்தேன். வீட்டுக்காரர் அதைத் தோளிலிருந்து ஜீப்பின் பின்பக்கம் சாய்த்தார். மூட்டை சாய்ந்தது, தேங்காய் சாயவில்லை. வெளியே கொட்டியது. எங்கள் ஊரில் நிலம் என்பது படிக்கட்டு மாதிரி. வீட்டு முற்றத்திலிருந்து கீழே ஓடைவரை பாத்தி பாத்தியாக இறங்கும். ஒவ்வொரு தேங்காயும் முற்றத்து ஓரம் வரை உருண்டு, ஒரு கணம் யோசித்து, கேரட் பாத்தியில் குதித்தது. அங்கிருந்து பூண்டுப் பாத்தி, அங்கிருந்து ராஜாத்தியின் உருளைக்கிழங்கு. தாய்மாமன் பதறி ஜீப்பிலிருந்து குதித்து அவற்றின் பின்னால் ஓடினார். சமவெளிக்காரர், ஓடத் தெரிந்தவருக்கு நிற்கத் தெரியவில்லை. மூன்றாவது பாத்தியில் உட்கார்ந்த நிலையில்தான் அவரை மீட்டோம். கையில் ஒரு தேங்காய் இருந்தது, அதை விடவில்லை.

சத்தம் கேட்டு சங்கீதா பின்கட்டிலிருந்து ஓடி வந்தபோது, தாய்மாமனையும் ஏற்றிக்கொண்டு ஜீப் வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அவள் கீழே பாத்திகளில் கிடந்த தேங்காய்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு, எங்கள் ஊரில் ரேஞ்ச் கிடைக்கிற ஒரே இடமான தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போய்விட்டாள்.

நான் என் வேலையைப் பார்த்தேன். சமைத்தது வீணாகக் கூடாது என்று தெருவில் இருந்தவர்களைக் கூப்பிட்டு அந்த இலைகளிலேயே உட்காரவைத்துப் பரிமாறினேன். ராஜாத்தி கோழிக்காலைக் கடித்தபடி, என்ன ஆச்சு என்று கேட்டாள். எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். நான் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அந்த ஆளுக இனி என் வாசல்ல காலை வெச்சா, நான் மொட்டை அடிச்சுக்கிறேன்."

என் தலைமுடியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது சாதாரணச் சொல்லாக இருக்கலாம். அந்த வயதிலும் எனக்கு இடுப்பைத் தொடுகிற முடி. அவிழ்த்துக் கட்டுவதற்கென்றே தெருவாசலுக்கு வந்து நிற்பேன். அதை வைத்துச் சத்தியம் செய்தேன் என்றால் விஷயம் முடிந்தது என்று ஊர் எடுத்துக்கொண்டது. அல்வாவும் முடிந்தது.

சாயங்காலம் சங்கீதா மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் வகுப்பில் பேசுகிற குரல். எதற்காகத் தேங்காயைத் திருப்பி அனுப்பினேன் என்று கேட்டாள். அவர்கள் கை நனைக்கவில்லை, அதனால் மனம் இல்லை என்றேன். அவள் எதிரே உட்கார்ந்து, கூடையில் கிடந்த பூண்டுத் தழை ஒன்றை எடுத்தாள்.

"வேர் அழுகினா தழை என்ன ஆகும்மா?"

"மஞ்சளாகும்."

"தழை மஞ்சளா இருக்கு. அப்ப வேர் அழுகல்தான?"

"யாரு சொன்னா? அறுப்புக்கு வந்தாலும் மஞ்சளாகும். தண்ணி காணாட்டியும் ஆகும். மஞ்சளைப் பாத்ததும் பிடுங்கிப் போட்டா வெள்ளாமை என்ன ஆகிறது?"

"சரி, பச்சையா இருந்தா?"

"அப்ப அழுகல் இல்லை. அதான் தெரியுதே."

"மனசு இல்லேன்னா சாப்பிட மாட்டாங்க. அது உன் முறை. சாப்பிட்டிருந்தா மனசு இருக்குன்னு சொல்லலாம், அது சரி. சாப்பிடலைங்கிறதை வெச்சு நீ என்னத்தைச் சொல்ல முடியும்?"

நான் தழையைப் பார்த்தேன். பூண்டு விஷயத்தில் நான் இப்படி ஒரு தப்பை ஒரு நாளும் செய்ததில்லை. பூண்டு என்னை அவமதிக்கும் என்று நான் நினைத்ததில்லை, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பிறகு அவள் தொட்டி மேட்டில் கேட்டு வந்ததைச் சொன்னாள். பொன்னுசாமி மறையூரில் தொடங்கி எங்கள் வாசல் வரை ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்திருக்கிறார். தங்கமணிக்கு அன்று கிருத்திகை விரதம். முதல் தடவை வந்த இடத்தில் இதையெல்லாம் சொன்னால் நன்றாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நால்வருக்கும் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. ஜீப்பில் ஏறும்போதுகூடக் கல்யாணத்தை எந்த மாதத்தில் வைக்கலாம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்களாம். அப்போதுதான் தேங்காய் வந்தது. பெண்ணின் தாய்க்கே மனம் இல்லாத வீட்டில் இனி என்ன பேச்சு என்று இப்போது தங்கமணி சொல்கிறாராம்.

"இதைச் சரி பண்ணலேன்னா எனக்கு வேற கல்யாணம் வேண்டாம்," என்றாள் சங்கீதா. மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் முற்றம் நனையும் என்பதுபோலச் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சரி, அவர்களைத் திரும்பக் கூப்பிடலாம் என்றால் மொட்டைச் சத்தியம் குறுக்கே நின்றது. தெருவே கேட்ட சத்தியம். அதையும் அவளிடம் சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு தரையில் நாலு உருளைக்கிழங்கை வரிசையாக வைத்தாள். "அவங்க வரலை, நீ மொட்டை அடிக்கலை. உன் வாக்கு உடையாது," என்று முதல் கிழங்கைத் தொட்டாள். "வந்தாங்க, மொட்டை அடிச்சே. உடையாது. வந்தாங்க, அடிக்கலை. இது ஒண்ணுலதான் நீ பொய்க்காரி." நாலாவது கிழங்கைத் தொட்டாள். "அவங்க வரலை, ஆனா மொட்டை அடிச்சே. அப்பவும் உடையாது."

"அவுக வராமயே மொட்டை அடிக்கவா? பைத்தியமா எனக்கு?"

"அடின்னு சொல்லலை. அடிச்சாலும் வாக்கு உடையாதுன்னேன்."

இந்த நாலாவது கிழங்கை எந்த மடையன் உபயோகிப்பான் என்று நினைத்துக்கொண்டு, முதல் கிழங்கைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் வராமலேயே கல்யாணத்தை முடிக்க வேண்டும். அதற்கு நாம் போக வேண்டும்.

அடுத்த வாரம் நானும் வீட்டுக்காரரும் கொழிஞ்சாம்பாறைக்குக் கிளம்பினோம். மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு மலைப்பாதை என்ன செய்துவிடும் என்ற எண்ணம். அதுவரை மூணாறு தாண்டிப் போனதெல்லாம் ஜீப்பின் முன்சீட்டில்தான். அன்றைக்கு உடுமலைப்பேட்டை பஸ்ஸில் கடைசி சீட்டுத்தான் கிடைத்தது. மறையூர் தாண்டி மூன்றாவது வளைவில் மலைக்கும் எனக்கும் இருந்த உறவு முறிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வளைவும் ஒரு தனி அனுபவம், விவரிக்க மாட்டேன். கண்டக்டர் எனக்கென்று ஒரு ஜன்னலையே ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

தங்கமணியின் வீட்டில் போய் இறங்கியபோது என் முகம் என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வாங்க, உட்காருங்க என்றார்கள். ஆனால் பேச்சில் உப்பு இல்லை. உடனே இலை போட்டார்கள். பருப்பும் நெய்யும், தேங்காய்ப்பால் பாயசமும், சந்தகை என்று அவர்கள் சொல்கிற இடியாப்பமும். தேங்காய் மணம் கூடம் முழுக்க. நான் இலையின் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. கையை இலைக்குக் கொண்டுபோனால் வயிறு தொண்டைக்கு வருகிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் மறுசோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

தங்கமணி கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, கையே வெக்கலீங்க. இங்க வந்தும் மனசில்லீங்களா?"

கூடத்தில் எல்லோரும் என் இலையைப் பார்த்தார்கள். வாசற்படி ஓரத்தில் சதீஷ் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது, தொட்டி மேட்டிலிருந்து இறங்கி வந்த சங்கீதாவின் முகம்தான் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எல்லாம் போய்விடும். சொல்லாமல் இருந்தாலும் போய்விடும். பஸ்ஸில் வாந்தி எடுத்தேன் என்று சம்பந்தி வீட்டில் சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பதில் அந்தப் பாயசத்தில் விழுந்து செத்துப்போவது மேல் என்று இருந்தது. அன்றைக்கு என் வீட்டில் பொன்னுசாமி ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"மனசு இருக்கு," என்றேன். "வயிறுதான் இல்லை."

கட்டிலில் சாய்ந்திருந்த பொன்னுசாமி எழுந்து உட்கார்ந்தார். "எந்த வளைவுங்க?" என்று கேட்டார்.

"மறையூர் தாண்டுனதும்."

"ஏறும்போது எனக்கும் அங்கதானுங்க ஆரம்பிச்சுது," என்றவர் அவரே எழுந்துபோய் ஒரு சொம்பில் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் ஒவ்வொரு வளைவாகப் பேசித் தீர்த்தோம். யாத்திரை போய் வந்தவர்கள் கோயில் கோயிலாகச் சொல்வார்களே, அந்த மாதிரி. தங்கமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "அதுக்குத் தேங்காயைத் திருப்பித் தரோணுங்களா? என்ர தம்பி இன்னும் சரியா உக்கார முடியாமத் திரியறானுங்க," என்றார். கணக்கில் தப்பு நடந்துவிட்டது என்றேன். என் வாழ்நாளில் நான் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அவர் அதைப் போதும் என்று எடுத்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று, நான் மெதுவாக என் முதல் கிழங்கை எடுத்து வைத்தேன். நீங்கள் சிரமப்பட்டு மறுபடியும் மலை ஏற வேண்டாம், பூ வைத்து நிச்சயம் செய்வதையும் கல்யாணத்தையும் கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். தங்கமணி முடியாது என்று தலையாட்டினார். கல்யாணம் எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், பூ வைப்பது மட்டும் பெண் வீட்டில்தான், முறை என்று ஒன்று இருக்கிறது என்றார். நான் குளிரைச் சொன்னேன், வளைவைச் சொன்னேன், முருகையாவைச் சொன்னேன். எதற்கும் அசையவில்லை. காரணத்தைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வந்தார்கள். இந்தத் தடவை முதல் நாளே மூணாறு வந்து தங்கிவிட்டு, வயிற்றைத் தெளிவித்துக்கொண்டு வந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டதும் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குக் கோழி தின்றவர்களில் ஒருத்தர்கூட வீட்டுக்குள் இல்லை. ராஜாத்தி முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி நின்றாள். முறத்தில் அரிசி இல்லை.

பூத்தட்டோடு வந்த தங்கமணி எங்கள் வாசலுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டார். என் கொண்டையை ஒரு பார்வை பார்த்தார். முருகையா ஜீப்பில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"காலை வெக்கலாமுங்களா சம்பந்தி?"

நான் திரும்பிப் பார்த்தேன். சங்கீதா கதவுக்குப் பின்னால், ஒரு காலத்தில் நான் நின்ற மாதிரி நின்றிருந்தாள். அவள் கண் என்மேல் இல்லை, வாசலில் நின்ற அந்தக் காலின்மேல் இருந்தது.

"வெச்சு வாங்க," என்றேன்.

வைத்தார். நால்வரும் வைத்தார்கள். உள்ளே வந்து எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். தாய்மாமன் முதல் தடவை விட்ட கோழிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். சாப்பிட்டால் சம்மதம் என்பது என் பழைய சட்டத்தில் பிழைத்துக்கொண்ட பாதி. அதை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பழனிக்குப் போனேன். கோபத்தில் சொன்னதற்கெல்லாம் யார் மொட்டை அடிப்பார்கள் என்று தங்கமணி போனில் தடுத்தார். தெருவும் விட்டுவிடலாம் என்றது (விட்டிருந்தால் சாகும்வரை சொல்லிக் காட்டியிருக்கும்). மூன்றாவது கிழங்கில் போய் உட்கார எனக்கு மனம் இல்லை. மொட்டை போடுகிறவர் என்ன வேண்டுதல் என்று கேட்டார். சம்பந்தி வந்துவிட்டார்கள் என்றேன். அதற்கப்புறம் அவர் கத்தியைக் கொஞ்சம் பதமாகவே ஓட்டினார்.

கல்யாணம் கொழிஞ்சாம்பாறையில் நடந்தது, மாசி வெயிலில். பெண்ணின் தாய் கம்பளிக் குல்லாய் போட்டு, அதன்மேல் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு நின்றாள். எல்லாப் போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறேன். மலைக்காரர்கள் என்றால் குல்லாய் போட்டுக்கொள்வார்கள் போல என்று அவர்கள் உறவில் எல்லோரும் தாங்களாகவே சமாதானம் செய்துகொண்டார்கள். ஒரு பெரியவர், பந்தியில் தண்ணீர் வைத்த உள்ளூர்ப் பையன் குல்லாய் போட்டிருப்பதைப் பார்த்து, நீங்கள் வட்டவடையில் யார் வீடு என்று விசாரித்தாராம். சங்கீதா மணமேடையில் இருந்தபடியே அதைக் கேட்டு, மாலை குலுங்கச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை.

புகுந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்போது அவள் வகுப்பில் மழையும் முற்றமும் கிடையாது. 'அவர்கள் வந்தால் அம்மா மொட்டை' என்றுதான் கரும்பலகையில் எழுதுகிறாளாம். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்களாம். என் தலை கல்விக்குப் பயன்படுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சென்ற வருஷம் எங்கள் வீட்டுக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தால் முடி தருகிறேன் என்று பழனிக்கு வேண்டிக்கொண்டேன். முடிந்தது, கொடுத்தேன். சங்கீதா கேட்டாளே என்று என் மொட்டைத் தலையை முருகையாவிடம் போட்டோ எடுக்கச் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் தங்கமணி கூப்பிட்டார். தொட்டி மேட்டில் நின்று பேசினேன்.

"ஏனுங்க சம்பந்தி, நாங்க யாரும் அங்க வரவே இல்லீங்களே," என்றார்.

"வந்தா மொட்டைன்னுதான் சொன்னேன்," என்றேன். "வந்தாத்தான் மொட்டைன்னு எப்பச் சொன்னேன்?"

அவர் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு மருமகளிடம் கேட்பது காதில் விழுந்தது. "உங்கம்மா சொல்றது செரிதானா கண்ணு?"

"சரிதான் அத்தை," என்றது சங்கீதாவின் குரல். "நாலாவது கிழங்கு."